கேஸ் இறங்கிடுச்சு என்று சொல்வதற்கு முன்னால்

பத்தாம் வகுப்பு முடித்த கையோடு அரசு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) கலந்தாய்வுக்குப் போனேன். எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர் இடங்கள்தான் முதலில் போகும். என் முறை வந்தபோது இரண்டும் நிரம்பியிருந்தன. ஏசி, ஃபிரிட்ஜ் பிரிவில் இடம் இருந்தது, எடுத்துக்கொண்டேன். “ஃபிரிட்ஜ் ரிப்பேருக்கு எதுக்குடா ரெண்டு வருஷம்? ஏதாவது கடையில உட்கார்ந்தா ஆறு மாசத்துல கத்துக்கலாம்” என்றார் சித்தப்பா. சேர நினைக்கிற பையன்கள் இன்றும் என்னிடம் இதையேதான் கேட்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சேர்க்கையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், விண்ணப்பம் ஆன்லைனில், இடம் மார்க்கைப் பார்த்துத் தருவார்கள். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு.

ஆரம்பத்தில் ஏசி பக்கமே விட மாட்டார்கள். இரும்புத் தகட்டை வைஸில் பிடித்து, அரத்தால் ராவிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றுவிடுகிற பையன்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நிற்கிறார்கள். அப்புறம் வயரிங்: சீரிஸ், பேரலல், எர்த், மல்டிமீட்டர். ஏசி கற்க வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். ஆனால் ‘கூலிங் இல்லை’ என்று வருகிற அழைப்புகளில் நிறைய கரன்ட் பக்கத்துக் கோளாறுதான்.

கேஸை அழுத்தி ஓடவைக்கிற கம்ப்ரசரையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண சிங்கிள் ஃபேஸ் கம்ப்ரசரில் மூன்று பின் இருக்கும்: காமன், ஸ்டார்ட், ரன். மேலே எழுதியிருந்தது அழிந்துபோயிருக்கும். கரன்ட்டை நிறுத்தி, கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும் கரன்ட்டை டிஸ்சார்ஜ் செய்து, வயர்களைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரில் இரண்டிரண்டு பின்னாக ஓம்ஸ், அதாவது மின்தடை பார்க்க வேண்டும். 2, 5, 7 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். 7 காட்டிய ஜோடியில் சேராத பின்தான் காமன். காமனிலிருந்து 5 காட்டுவது ஸ்டார்ட், 2 காட்டுவது ரன். 2-ம் 5-ம் கூட்டினால் 7 வருகிறதா, காயில் நன்றாக இருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு பின்னுக்கும் பாடிக்கும் நடுவே பார்க்க வேண்டும். அங்கே ரீடிங் வந்தால் கம்ப்ரசர் ‘பாடியாகிவிட்டது’, அதாவது காயில் பாடியோடு ஷார்ட் ஆகிவிட்டது என்று அர்த்தம். இதை எங்கள் சார் புத்தகத்தைத் திறக்காமல், கழற்றிப் போட்ட பழைய கம்ப்ரசர்களை மேஜையில் வரிசையாக வைத்து நடத்தினார். படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு அதுதான்.

காப்பர் பைப் வேலைக்குக் கை பழக வேண்டும், வேறு வழியில்லை. கட்டரால் வெட்டியதும் உள்விளிம்பில் பிசிர் நிற்கும். பைப்பின் வாயைக் கீழே பார்த்துப் பிடித்துத்தான் அதைச் சுரண்ட வேண்டும், இல்லையென்றால் தூள் உள்ளே போய்விடும். நட்டை மாட்டாமலே பைப்பின் வாயை விரித்து ஃபிளேர் செய்துவிட்டு முழிப்பது எல்லா பேட்சிலும் நடக்கும். பைப்புகளைச் சூடாக்கிப் பற்றவைக்கிற பிரேசிங்கின்போது பைப்புக்குள் மெல்லியதாக நைட்ரஜன் ஓட வேண்டும். ஓடாவிட்டால் உள்ளே கறுப்பாகச் செதில் படியும். பிற்பாடு அது உதிர்ந்து, கேஸ் போகிற மெல்லிய குழாயான கேப்பிலரியை அடைக்கும். வெளியே ஜாயின்ட் பளபளவென்று இருப்பதால் யாருக்கும் தெரியாது.

இனி கேஸ், அதாவது ஏசிக்குள் சுற்றிக் குளிர்விக்கிற வாயு. கூலிங் இல்லையென்றால் ‘கேஸ் இறங்கிடுச்சு’ என்றுதான் சட்டென்று சொல்வார்கள். “கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்துபோக?” என்று சார் கேட்பார். அது மூடிய சுற்று. குறைந்திருந்தால் எங்கோ லீக். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அடைத்து, வேக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, பம்ப்பை நிறுத்திய பிறகு அது ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்து, கடைசியாக லேபிளில் உள்ள எடைக்கு கேஸ் ஏற்ற வேண்டும். நிதானமாகச் செய்தால் அரை நாள் போய்விடும்.

எங்கள் பட்டறையில் இருந்தவை பெரும்பாலும் ஆர்-22 என்ற கேஸ் போட்ட பழைய விண்டோ ஏசிகள். அவற்றில் சக்‌ஷன் 65-70 பிஎஸ்ஐ அழுத்தம் வந்தால் சரி. ஆர்-410ஏ, ஆர்-32 மெஷின்களில் ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு வரும். ஆர்-32 தீப்பிடிக்கக்கூடியதும்கூட. இன்வெர்ட்டர் போர்டை வகுப்பில் படமாகத்தான் அதிகம் பார்த்தோம். ஐடிஐ தேடுகிறவர்கள் கட்டடத்தைப் பார்க்காமல், பட்டறையில் என்ன மெஷின் இருக்கிறது என்று கேட்பது நல்லது.

தேசியத் தொழிற் சான்றிதழ் வாங்கிய பிறகு ஒரு சர்வீஸ் சென்டரில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு நாளைக்கு இத்தனை அழைப்பு முடித்தாக வேண்டும் என்பார்கள். அரை நாள் வேக்யூம் போட அங்கே யாருக்கு நேரம்? அழுத்தம் காட்டும் கேஜை மாட்டு, கேஸை ஏற்று, கையெழுத்து வாங்கு, அடுத்த வீடு. கடற்கரையோர வீடுகளில் உப்புக் காற்றில் அவுட்டோர் காயில் அரித்து ஊசித்துளை விழுந்திருக்கும், அதற்கும் டாப்-அப்தான். கூடவே வந்த சீனியர் அண்ணன் கைத்தொழிலில் கெட்டிக்காரர். பைப் வளைப்பதில் அவர் பக்கத்தில்கூட என்னால் நிற்க முடியாது. ஆனால் மீட்டரை வண்டியிலேயே விட்டுவிட்டு வருவார். ஒரு வீட்டில் அவர் கேஸ் இறங்கிடுச்சு என்று சொன்ன மெஷினில் அவுட்டோர் ஃபேன் சுற்றவே இல்லை. “அண்ணே, ஒரு நிமிஷம்” என்று திறந்து பார்த்தேன். ஃபேன் கெப்பாசிட்டர் உப்பியிருந்தது, 2.5 மைக்ரோஃபாரட். மாற்றியதும் ஃபேன் ஓடியது, கூலிங்கும் வந்தது. அவர் கோபப்படவில்லை. அடுத்த வீட்டு வாசலில், “மீட்டரை எடுத்துக்கடா” என்றார்.

இப்போது தனியாக வேலை எடுக்கிறேன். வேக்யூம் பம்ப்பும் எடை மெஷினும் முதலில் வாங்கினேன், பைக் வாங்கக் கடைசியில்தான் பணம் மிஞ்சியது. “பக்கத்துத் தெருவுல பாதி ரேட்டுக்கு கேஸ் போடுறாங்களே” என்று கேட்பவர்களிடம் நான் பேரம் பேசுவதில்லை. நுரை எங்கே குமிழிடுகிறது என்று கூப்பிட்டுக் காட்டிவிட்டு, அதை அடைப்பதற்கும் சேர்த்துத்தான் இந்த ரேட் என்று சொல்கிறேன். பாதிப் பேர் சரி என்கிறார்கள். மீதிப் பேர் பக்கத்துத் தெருவுக்குப் போகிறார்கள்.