'புகைப்பழக்கம் உண்டா?' என்ற கேள்விக்கு உண்மையை எழுதிப் பாலிசி எடுத்த அனுபவம்

வேலையை விட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியதும் ஆபீஸ் கொடுத்த குரூப் இன்சூரன்ஸ் போய்விட்டது. அதில் இருந்தவரை நான் சிகரெட் பிடிப்பவனா என்று ஒருவரும் கேட்டதில்லை. தனியாக ஹெல்த் பாலிசி எடுக்கப் போனபோதுதான் அந்தக் கேள்வி வந்தது, வந்து என்னைப் படாத பாடு படுத்திவிட்டது. பல வருஷம் பிடித்தவன், விட்டு ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. புகைப்பவரிடம் கூடுதல் பிரீமியம் வாங்கலாமா என்று கேட்டால் தாராளமாக வாங்கட்டும் என்றுதான் சொல்வேன், சிகரெட்டுக்கு அழுத காசை விட அது ஒன்றும் அதிகமில்லை. என் எரிச்சல் எல்லாம் அதை வாங்குகிற விதத்தில்தான்.

முதலில் ஏஜென்ட். திருச்சியில் எங்கள் ஏரியாக்காரர், நல்ல மனிதர்தான். ஃபார்மில் புகையிலைக் கேள்வி வந்ததும், "அண்ணே, இல்லைன்னு போட்ருவோம். இருக்குன்னு போட்டா லோடிங் வரும், டெஸ்டுக்கு அனுப்புவாங்க, எதுக்கு வம்பு? அஞ்சு வருஷம் ஓட்டிட்டா அப்புறம் எவனும் கேக்க முடியாது" என்றார். லோடிங் என்றால் அந்தக் கூடுதல் பிரீமியம்தான். அந்த அஞ்சு வருஷக் கதை பாதி உண்மை. 2024-ல் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஐஆர்டிஏஐ மொரட்டோரியம் காலத்தை எட்டு வருஷத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தது, தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டியிருந்தால் 'நீ அன்றைக்கு மறைத்தாய்' என்று கிளெய்மை மறுக்க முடியாது. ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதோடு, அந்த ஐந்து வருஷமும் ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டேன் என்று எனக்கு யார் எழுதிக் கொடுப்பது?

என் மச்சானின் அப்பா விஷயம் கண்முன்னால் இருந்தது. அவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அட்மிஷன் நேரத்தில் டியூட்டி டாக்டர் கூட இருந்தவரிடம் விசாரிக்க, அவர் வெள்ளந்தியாக "ரொம்ப வருஷமா பிடிப்பாருங்க" என்று சொல்ல, டிஸ்சார்ஜ் சம்மரியில் 'நாள்பட்ட புகைப்பழக்கம்' என்று ஏறிவிட்டது. பாலிசி ஃபார்மில் 'இல்லை'. உண்மையை மறைத்ததாகச் சொல்லிக் கேஷ்லெஸ்ஸை (ஆஸ்பத்திரிக்குக் கம்பெனியே நேராகக் கட்டுவது) மறுத்தார்கள், அப்புறம் ரீஇம்பர்ஸ்மென்டையும் (நாம் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்பது) மறுத்தார்கள். இப்போது இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் சென்னை ஆம்பட்ஸ்மனிடம் மனு போட்டிருக்கிறார்கள். (அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி ஒரு மாதம் பார்க்க வேண்டும், அவர்கள் கைவிரித்த ஒரு வருஷத்துக்குள் ஆம்பட்ஸ்மனிடம் போய்விட வேண்டும்.)

அதனால் 'ஆம்' என்றே போடச் சொன்னேன். ஏஜென்ட் தலையாட்டினார். சாயந்திரம் போனுக்கு ஓடிபி லிங்க் வந்தது. அதில் பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தால் 'இல்லை'! கேட்டதற்கு, "கை பழக்கத்துல வந்துடுச்சுண்ணே" என்றார். தயவுசெய்து அந்த பிடிஎஃப்பைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு ஓடிபி கொடுங்கள். கொடுத்துவிட்டால் அதில் இருப்பதெல்லாம் நீங்கள் சொன்னதுதான், ஏஜென்ட் எழுதினார் என்றால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

திருத்த உட்கார்ந்தால் அடுத்த கூத்து. 'ஆம்' போட்டால் ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்கிறது, பூஜ்யம் போட்டால் ஏற்கவில்லை. விட்டுவிட்டேன் என்று சொல்ல இடமே இல்லை. கஸ்டமர் கேரில் ஒரு பெண், "சார், சிஸ்டம் எடுக்காது சார், ஒண்ணுன்னு போட்டுருங்க" என்றார். பிடித்தவன் பிடிக்கவில்லை என்று எழுதினால் பொய், விட்டவன் பிடிக்கிறேன் என்று எழுதினால் மட்டும் பரவாயில்லையா? கடைசியில் ஒன்று என்று போட்டு, 'கூடுதல் விவரம்' கட்டத்தில் எந்த மாதம் விட்டேன் என்று எழுதி, அதையே மெயிலிலும் அனுப்பி வைத்தேன்.

கம்பெனி டாக்டர் போனில் கேட்கிற கேள்விகள் சுலபமாக முடிந்தன. முதலில் இந்தியில் ஆரம்பித்தார்கள், தமிழ் வேண்டும் என்றதும் வேறு டாக்டரை வைத்துப் பேசினார்கள். லேபில்தான் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்த பிறகு, டிரெட்மில் டெஸ்ட் எங்கள் லிஸ்டில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கம்பெனியின் மெயிலில் இருக்கிறது, லேபின் லிஸ்டில் இல்லை. இன்னொரு காலை பட்டினி. போவதற்கு முன் லேபுக்கே போன் போட்டு என்னென்ன டெஸ்ட் என்று வாசிக்கச் சொல்லுங்கள்.

அந்த லிஸ்டில் கோட்டினைன் என்று ஒன்று இருந்தது. நிகோடின் உடம்பில் உடைந்து கோட்டினைனாக மாறும், கடைசியாகப் பிடித்துச் சில நாட்கள் வரை சிறுநீரில் தெரியும். எனக்குப் பாசிட்டிவ்! சிகரெட்டைத் தொட்டே பல மாதம். காரணம், சிகரெட்டை விடுவதற்காக டாக்டர் சொல்லி மென்றுகொண்டிருந்த நிகோடின் சூயிங் கம். இந்த டெஸ்டுக்கு நிகோடின் எங்கிருந்து வந்தது என்று தெரியாது, புகையும் கம்மும் அதற்கு ஒன்றுதான். புகையிலைச் செடியில் இருக்கும் அனபாசின் என்ற பொருளைத் தேடும் டெஸ்டும் உண்டு, அது கம்மில் இருக்காது, அதைச் செய்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். "அது எங்கள் பேனலில் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

பிறகு கவுன்டர் ஆஃபர் வந்தது: 25 சதவீதம் லோடிங், சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். நம் சம்மதம் இல்லாமல் லோடிங் போட முடியாது என்பதை அப்போதுதான் உபயோகமான விஷயமாக உணர்ந்தேன். சம்மதம் சொல்லும் முன் ஒரே கேள்வி கேட்டேன், கம்மையும் நிறுத்தி டெஸ்ட் நெகட்டிவ் வந்தால் அடுத்த புதுப்பித்தலில் இதை எடுப்பீர்களா? சுற்றிச் சுற்றி வந்த பதில், 'பாலிசி விதிகளின்படி'. விதிகளைப் படித்தால் அப்படி ஒரு வரி கிடையாது. அதாவது ஒருமுறை புகைப்பவன் என்றால் ஆயுசுக்கும் புகைப்பவன். அப்படியென்றால் விடுவதற்கு என்ன ஊக்கம்? பொய் எழுதியவன் சாதாரண பிரீமியம் கட்டுகிறான், உண்மை சொல்லி விட்டும்விட்டவன் காலமெல்லாம் தண்டம் கட்டுகிறான்.

அமெரிக்காவில் ஒபாமாகேர் என்ற ஹெல்த் இன்சூரன்ஸ் சட்டம் புகைப்பவரிடம் 50 சதவீதம் வரைகூட கூடுதலாக வாங்க விடுகிறது, கலிபோர்னியா, நியூயார்க் மாதிரி சில மாநிலங்கள் மட்டும் தடுத்திருக்கின்றன. ஆனால் யாரிடம் வாங்கலாம் என்பதற்கு அளவு இருக்கிறது: கடந்த ஆறு மாதத்தில் சராசரியாக வாரத்துக்கு நான்கு முறையாவது புகையிலை பயன்படுத்தியிருக்க வேண்டும். ஆறு மாதம் தாண்டினால் வெளியே வந்துவிடலாம். நான் கேட்டதும் அந்த மாதிரி ஒரு தேதிதான்.

சம்மதம் கொடுக்கவில்லை. பணம் திரும்பி வந்தது, டெஸ்ட் செலவைப் பிடித்துக்கொண்டு. ரிப்போர்ட் நகலை விடாமல் மெயில் போட்டுக் கேட்டு வாங்கினேன். நீங்களும் வாங்கிவிடுங்கள், ஏனென்றால் அடுத்த கம்பெனியின் ஃபார்மில் 'இதற்கு முன் யாராவது உங்கள் விண்ணப்பத்தை நிராகரித்தார்களா, கூடுதல் பிரீமியம் கேட்டார்களா' என்று இருக்கும். அதையும் மறைக்கச் சொல்வார்கள், மறைக்காதீர்கள். நான் அந்தக் கடிதம், ரிப்போர்ட், கம் எழுதிக்கொடுத்த டாக்டரின் சீட்டு மூன்றையும் சேர்த்தே கொடுத்தேன்.

இந்த இரண்டாவது கம்பெனியின் ஃபார்மில் 'முன்பு உண்டு, நிறுத்திய மாதம்' என்று ஒரு கட்டம் இருந்தது. பார்த்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. கம்மை ஏற்கெனவே குறைத்துக்கொண்டு வந்ததால், டாக்டரைக் கேட்டு முழுதாக நிறுத்திச் சில வாரம் கழித்து டெஸ்ட் கொடுத்தேன், நெகட்டிவ். டெஸ்டுக்காக மட்டும் கம்மை அவசரமாக நிறுத்திவிட்டு மறுபடி பெட்டிக்கடையில் போய் நிற்காதீர்கள், அதற்கு லோடிங்கே மேல்.

விட்டு இன்னும் போதிய காலம் ஆகவில்லை என்று 10 சதவீதம் போட்டார்கள். இதற்குச் சம்மதித்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லாததால், முன்பு மாதிரி லோடிங் மேல் 18 சதவீதமும் சேரவில்லை. புதுப்பிக்கும்போது மறுபடி நெகட்டிவ் காட்டினால் லோடிங்கை மறுபரிசீலனை செய்வோம் என்று மெயிலில் எழுதியும் வாங்கிவிட்டேன். அதற்காகப் பிராஞ்ச் மேனேஜர் மேஜை முன் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார வேண்டியிருந்தது, "போன்ல சொன்னா போதாதா சார்?" என்று அலுத்துக்கொண்டேதான் டைப் அடித்தார்.