மணல்மேட்டுக் கிணறு

அக்டோபர் 9

கிணற்று நீர் இன்றும் கரிக்கிறது.

அக்டோபர் 11

அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்; எதுவும் சொல்லவில்லை. வேதாரண்யம் வட்டாரத்தில் நம் வீடுகள் நிற்கும் மணல்மேடுகள் எல்லாம் கடல் பின்வாங்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக விட்டுச்சென்ற பழைய கரைகள். மேட்டில் மாவும் தென்னையும் வீடும். இரண்டு மேடுகளுக்கு இடையிலுள்ள களிமண் பள்ளத்தில் நெல். மேட்டு மணலில் இறங்கும் மழைநீர், உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால், அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி வரை உப்பு ஏறாது. அந்த ஓரடியை மோட்டார் வைத்து உறிஞ்சிவிட்டால், 40 அடிக்குக் கீழிருந்த உப்பு மெல்ல மேலேறி வரும். அண்ணனோ இன்னும் ஆழமாகப் போர் போடலாம் என்கிறார்.

அக்டோபர் 12

மேகமே இல்லை.

அக்டோபர் 15

அகத்தியன்பள்ளி உப்பளங்கள் வழியே கோடியக்கரைக்குப் போனேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன் உப்புக் குவியல்களை ஓலையால் மூடிக்கொண்டிருந்தார்கள். நான் வேண்டிக்கொள்ளும் மழை அவர்களுடைய பருவத்தை முடித்துவிடும் என்பது மனத்தை உறுத்தியது. அதற்குத் தெற்கே பாலை மரங்கள் அடர்ந்த காடு, பிறகு வெளிமான்கள் மேயும் புல்வெளி. 1967இல் சரணாலயமாக்கப்பட்ட நிலம் அது. சென்னையிலிருந்து தெற்கு நோக்கியே வந்த கரை இங்கேதான் மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடலின் அலை. தெற்கே ஆழமற்ற பாக் நீரிணை. மேற்கே முத்துப்பேட்டை வரை நீளும் சேற்று நிலம்.

அக்டோபர் 18

இரவு முழுவதும் தூக்கமில்லை. அப்பாவின் இருமல் ஒரு பக்கம், கிணறு மறு பக்கம். ஜூன் 12இல் மேட்டூர் திறப்பது வழக்கம் என்றாலும், கல்லணை தாண்டிக் கிளைகிளையாகப் பிரிந்து வரும் தண்ணீரில் கடைமடைக்கு எஞ்சுவது சொற்பம். ஆற்று நீர் குறைந்தால் முத்துப்பேட்டைக் காயலில் உப்பு கூடுகிறது. அங்கே பெரும்பான்மையாக இருப்பது அலையாத்தி. உப்பை வெளியேற்றும் அதன் இலைகளை உற்றுப் பார்த்தால், உப்போடு வாழ ஒரு மரம் எவ்வளவு பாடுபடுகிறது என்பது தெரியும். நெல்லுக்கும் மாவுக்கும் அந்த ஏற்பாடு கிடையாது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரை கடந்தபோது மரங்கள் மட்டும் சாயவில்லை. எங்கள் பள்ளத்து வயல்களில் கடல்நீரும் ஏறியது. அப்போதும் மேட்டுக் கிணற்றைத் தேற்றியது அடுத்து வந்த மழைதான்.

அக்டோபர் 21

விடியற்காலை தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. மணல் அத்தனையையும் குடிக்கிறது. முற்றத்தில் ஒரு குட்டைகூடத் தேங்கவில்லை.

அக்டோபர் 22

மழை. நீர்மட்டம் ஓர் உறை (கிணற்று வளையம்) அளவு ஏறியிருக்கிறது. கரிப்பு குறைந்ததா, குறைந்ததாக நான் நினைத்துக்கொள்கிறேனா என்று சொல்ல முடியவில்லை. அப்பாவிடம் கொடுத்தேன், முழு டம்ளரையும் குடித்தார்.

அக்டோபர் 23

போர் போடும் வண்டி மழை விட்டதும் வருமாம். அண்ணன் முன்பணம் கொடுத்துவிட்டார். இந்த மண்ணில் ஆழம் போனால் கிடைப்பது உப்புதான் என்று மறுபடியும் சொன்னேன். மேட்டின் மறுகோடியில் ஆழமில்லாத உறைக்கிணறு ஒன்று இறக்கி, இரண்டிலும் மாறி மாறிக் கையால் இறைத்தால் நம் வீட்டுக்குப் போதும். மோட்டாரை எடுத்துவிட அவர் சம்மதிக்க வேண்டும். நாளை அப்பாவையும் உட்கார வைத்துப் பேசுகிறேன்.