"சரிக்கா"

ஜூலை 29
எங்க தொண்டு அமைப்பு படிக்க வைக்கற பொண்ணுகிட்ட, உன் ஃபோட்டோவையும் கதையையும் போடலாமான்னு கேட்டிருந்தேன். இன்னும் ரிப்ளை வரல. ரெண்டு டிக்கும் நீலமாயிடுச்சு, அவ்ளோதான்.

ஜூலை 30
ஆகஸ்ட் 12 உலக இளைஞர் தினத்துக்கு என்ன போடறதுன்னு மீட்டிங். அன்னிக்கு எல்லா அமைப்பும் போஸ்ட் போடும், அதுக்கு நடுவுல நம்மளது தனியா தெரியணும்னு மேடம் சொன்னாங்க. தனியா தெரியணும்னா அவங்களுக்கு அந்த ஃபோட்டோதான். அந்தப் பொண்ணு அவ வீட்டு ஜன்னலோரம் உக்காந்து புத்தகத்துல இருந்து தலைய தூக்கிப் பாப்பாளே, அது. நான் எடுத்தது. நல்லா வந்திருக்கு, இல்லன்னு சொல்லல.

ஜூலை 31
தூக்கம் வரல. அவ கையெழுத்துப் போட்ட ஃபார்ம எடுத்துப் பாத்தேன். அப்ப அவளுக்கு 16, அதனால கீழ அம்மா கையெழுத்தும் இருக்கு. 'எல்லா ஊடகங்களிலும் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்'. எல்லா ஊடகம்னா என்னன்னு நாம யாராவது உக்காந்து சொன்னோமா, இது உன் க்ளாஸ் குரூப்புக்கு வரும், உன் மாமா பாப்பாரு, நாளைக்கு நீ வேலைக்குப் போற இடத்துல யாராவது தேடினாலும் வந்து நிக்கும்னு? நான் சொல்லல. அன்னிக்கு மழை, வண்டி வெயிட்டிங்ல, இருபது பேர்கிட்ட ஃபார்ம் வாங்கணும், ஒரே பேனா கை மாறி கை மாறி போயிட்டு இருந்துச்சு. அது மட்டும் அப்படியே ஞாபகம் இருக்கு. இப்ப அவளுக்கு 18. அம்மா சொன்னா போதாது, அவதான் சொல்லணும்.

ஆகஸ்ட் 1
வந்துடுச்சு. 'சரிக்கா'. வேற ஒண்ணும் இல்ல. எப்பவும் மூணு ஸ்மைலி போடற பொண்ணு.

ஆகஸ்ட் 3
எதுக்கு சரின்னா? அவ கம்ப்யூட்டர் கோர்ஸ் ஃபீஸ் நாமதான் கட்டறோம். ஃபீஸ் கட்டறவங்க கேட்டா வேற என்ன சொல்லுவா. மேடம்கிட்ட சொன்னேன், அவளே ஓகே சொல்லிட்டா நீ ஏன் குழப்பிக்கறன்னாங்க. அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியல, ஃபண்டு வரலன்னா அடுத்த வருஷம் அந்தக் கோர்ஸே இருக்காது, அந்தப் பயம் எனக்கும் இருக்கு.

ஆகஸ்ட் 4
ஃபோட்டோவ பெருசாக்கிப் பாத்தேன். யூனிஃபார்ம்ல குத்தியிருக்கற பேட்ஜ்ல ஸ்கூல் பேர் படிக்க முடியுது. கீழ சின்ன எழுத்துல 'பெயர் மாற்றப்பட்டுள்ளது'ன்னு போட்டிருக்கோம், முகமும் பேட்ஜும் மேல அப்படியே இருக்கு. ஃபைல் டீடெயில்ஸ்ல எடுத்த இடம் வேற, அட்சரேகை தீர்க்கரேகையோட. மேப்ல போட்டா நேரா அவங்க வீட்டு வாசல். வாட்ஸ்அப்ல ஃபோட்டோவா அனுப்பினா அந்தத் தகவல் போயிடும், டாக்குமெண்ட்டாவோ மெயில்லயோ ஒரிஜினல அனுப்பினா கூடவே போகும், நான் பத்திரிகைக்காரங்களுக்கும் டோனர்களுக்கும் எப்பவும் ஒரிஜினலத்தான் அனுப்பறேன். ராத்திரி வரைக்கும் பழைய ஃபோல்டர் ஒவ்வொண்ணா திறந்து லொகேஷன அழிச்சேன். ஏற்கனவே போனத எப்படித் திரும்ப வாங்குவேன்.

ஆகஸ்ட் 5
அம்மாவுக்கு மாத்திரை வாங்க மறந்துட்டேன்.

ஆகஸ்ட் 7
நேர்ல போனேன். கதைய பிரிண்ட் எடுத்து அவ கைல குடுத்து படின்னு சொன்னேன். தலைப்பு 'இருளிலிருந்து வெளிச்சத்துக்கு', நான் வச்சதுதான். ரெண்டு தடவ படிச்சா. "அக்கா, எங்க வீடு இருட்டா?"ன்னு கேட்டா. கோவமே இல்ல, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டா. அப்பா குடிப்பார்னு ஒரு வரி இருக்கும், அத கட்டைவிரலால மூடிக்கிட்டு மீதியப் படிச்சா. "அப்பா இப்ப விட்டுட்டாருக்கா, எட்டு மாசமாச்சு, இதப் பாத்தாருன்னா"ன்னு சொல்லி நிறுத்திட்டா.

ஐ.நா.வோட 1989 குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 16வது பிரிவு: குழந்தையோட அந்தரங்கம், குடும்பம், வீடு, நற்பெயர் இதுல யாரும் அத்துமீறக் கூடாது. ட்ரெய்னிங்ல நானே ஸ்லைடு போட்டு நடத்தியிருக்கேன். வீடுங்கற வார்த்தை அதுல இருக்கறது இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுச்சு.

ஆகஸ்ட் 8
இந்தக் கதை போக வேணாம்னு மேடம்கிட்ட சொல்லிட்டேன். கை நடுங்குச்சு. பாக்கலாம்னாங்க.

ஆகஸ்ட் 10
அவளே எழுதி அனுப்பியிருக்கா! ஒன்பது வரி. பாக்காம டைப் பண்ண வந்துடுச்சாம், 'ழ' எங்க இருக்குன்னு இப்பல்லாம் விரலே போயிடுதாம். லேட்டானா அப்பாதான் சைக்கிள்ல கொண்டுவந்து விடறாராம். ஒரு எழுத்தக் கூட நான் தொடப்போறதில்ல. கடைசில, "முகம் வேணாம்க்கா, கீபோர்டு மேல கை மட்டும் போடுங்க, நேத்துதான் நெயில் பாலிஷ் போட்டேன்". மூணு ஸ்மைலி. அழுதுட்டேன், பக்கத்து சீட்ல இருக்கறவங்க என்னாச்சுன்னு கேட்டாங்க.

ஆகஸ்ட் 11
மேடம் இன்னும் ஒண்ணும் சொல்லல. பழசு புதுசு ரெண்டும் ஷெட்யூல்ல இருக்கு, காலைல 9 மணிக்கு.

ஆகஸ்ட் 12
8.40. பழச எடுத்துட்டேன், யாரையும் கேக்கல. மேடம் கூப்பிடறாங்க