நூற்றாண்டு மலருக்கு முன் சேர்விடாப்பைத் திறவுங்கள்

இலங்கை மலையகத்துப் பாடசாலை மலர் எதை எடுத்தாலும் முதலில் வாழ்த்துச் செய்திகள்தான். அப்புறம் அதிபர்களின் பட்டியல், கட்டிடத் திறப்புவிழாப் படங்கள், டாக்டரும் எஞ்சினியரும் ஆன நாலைந்து பேர். "எமது பாடசாலை வரலாறு" என்று இரண்டு பக்கம் வரும். அதுவும் போன மலரில் இருந்து அப்படியே இறக்கியது. நிஜ வரலாறு அதிபர் காரியாலயத்து அலுமாரியின் கீழ்த்தட்டில் ஈரம் குடித்துக் கிடக்கிறது: சேர்விடாப்பு (பிள்ளைகள் சேர்ந்ததும் விலகியதும் பதிந்த புத்தகம்), லொக் புத்தகம் (பாடசாலை நிகழ்வுகளை அதிபர் எழுதிவைத்த குறிப்பேடு), வகுப்பு வரவு இடாப்பு.

முதல் சண்டை எப்போதும் ஆரம்பித்த ஆண்டு பற்றியது. இன்று உயர்தரம் (பதின்மூன்றாம் வகுப்பு) வரை இருக்கும் பல தமிழ்ப் பாடசாலைகளுக்கு மூன்று பிறந்தநாள் உண்டு. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஓரத்தில் ஒரு வாத்தியாரோடு தொடங்கிய நாள் ஒன்று. தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுப்பதைத் தோட்டத்தின் பொறுப்பாக்கிய 1920 கல்விச் சட்டத்தை ஒட்டி வந்தவை பல. அரசு பொறுப்பேற்ற நாள் இரண்டாவது. உயர்தர வகுப்பு தொடங்கிய நாள் மூன்றாவது. மூன்றையும் தனித்தனியே எழுதிவிட்டால் சண்டைக்கே இடமில்லை.

பொறுப்பேற்ற ஆண்டில்தான் பிழை அதிகம். நகரத்து மிஷன் பாடசாலைகளை அரசு எடுத்தது 1960, 1961 சட்டங்களால். தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை அப்போது விடுபட்டுப் போயின. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்களே அரசிடம் போன பிறகு, எழுபதுகளில்தான் அவை சேர்ந்தன. தோட்டத்தில் தொடங்கிய பாடசாலையின் வரலாற்றில் "1961இல் அரசுடைமை" என்று இருந்தால், பக்கத்து நகரப் பாடசாலையின் மலரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். லொக் புத்தகத்தில் அந்தத் திகதியைத் தேடுங்கள். பெயரை மட்டும் நம்பித் தேடினால் தவறும். "இல. 2 தமிழ் வித்தியாலயம்" என்று இருந்தது பின்னால் த.ம.வி. (தமிழ் மகா வித்தியாலயம்) ஆகி, அதற்கும் பிறகு ஒரு தெய்வத்தின் பெயரையோ தலைவரின் பெயரையோ எடுத்திருக்கும்.

இனிச் சேர்விடாப்பு. எல்லாரும் முதல் பக்கத்து முதல் பெயரைப் படமெடுத்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது கடைசிக் கட்டம், "விலகிய காரணம்". குடியுரிமை இல்லாதிருந்த மலையக மக்கள் பற்றிய 1964 இந்திய இலங்கை ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவானது; மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற எண். இடாப்பில் அது வேறு மாதிரித் தெரியும். அறுபதுகளின் கடைசியில் அங்கொன்று இங்கொன்றாகத் தொடங்கி, எழுபதுகளில் ஒரே பக்கத்தில் மேலிருந்து கீழாக "இந்தியா, இந்தியா, இந்தியா". இரண்டாவதில் இருந்து சில எழுத்தர்கள் "மேலே உள்ளதே" என்பதற்கு மேற்கோள் குறி மட்டும் போட்டிருப்பார்கள். தலைமன்னார் கப்பல் நின்ற 1984ஓடு அந்தச் சொல் குறையும். தமிழருக்கு எதிரான 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு, வடக்கே போன குடும்பங்களால் வவுனியா, கிளிநொச்சி என்று வருகிறதா என்று பாருங்கள். 1973, 74 பஞ்ச காலத்தில் காரணமே எழுதாமல் வெட்டிய பெயர்களையும் தனியாக எண்ணுங்கள்.

காரணக் கட்டம் வெறுமையாக இருந்தால் "இடைவிலகல்" என்று சட்டென எழுதிவிடாதீர்கள். எழுதுகிறவர் மாறியிருக்கலாம், இடாப்பு நிறைந்து புதியது திறந்திருக்கலாம். அந்த மாதத்து வகுப்பு வரவு இடாப்போடு ஒப்பிட்டால்தான் பிள்ளை எப்போது நின்றது என்று தெரியும். பிறந்த திகதிகளிலும் கவனம் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் உத்தேச வயதில் சேர்ந்த பிள்ளைகள் நிறைய.

முகவரிக் கட்டமும் பேசும். ஆரம்பத்தில் ஒரே தோட்டத்தின் மேற்பிரிவும் கீழ்ப்பிரிவும்தான் இருக்கும். வேறு தோட்டங்களின் பெயர் ஆறாம் வகுப்புச் சேர்க்கையில் எந்த ஆண்டு கூட்டமாக வரத் தொடங்குகிறதோ, அந்த ஆண்டில்தான் அது நடைமுறையில் உயர்பாடசாலை ஆனது. திணைக்களக் கடிதம் பிறகும் வந்திருக்கலாம்.

பெறுபேறு எழுதும்போது எத்தனை பேர் சித்தி என்று மட்டும் போடுவது பாதிக் கணக்கு. ஒரே ஆண்டில் சேர்ந்த பிள்ளைகளை ஒரு தொகுதியாகப் பிடித்து அவர்கள் பின்னாலேயே போங்கள். 2000 ஜனவரியில் ஆறாம் தரத்தில் சேர்ந்தவர்கள் 2005 டிசம்பரில் சாதாரண தரமும் (பதினொராம் வகுப்புப் பரீட்சை) 2008 ஓகஸ்டில் உயர்தரமும் எழுத வேண்டியவர்கள். ஆறாம் தரத்தில் 120 பேர், பரீட்சை எழுதியவர் 70, சித்தி 35 என்று வைத்துக்கொண்டால், மலர் "50 வீதம்" என்று எழுதும். சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் 29 வீதம். இடையில் வேறு பாடசாலையில் இருந்து வந்தவர்களைக் கழித்துவிட வேண்டும். உயர்தரத்தில் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் சேருவதால் அங்கே இது கட்டாயம். 2000ஆம் ஆண்டில்தான் உயர்தரம் நான்கு பாடத்தில் இருந்து மூன்றானது, ஆகவே பழைய பெறுபேற்றுப் பலகையில் உள்ள "4 பாடம்" பிழை அல்ல. 1975 தொடக்கம் சில ஆண்டுகள் வரும் என்.சி.ஜி.ஈ. (தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்) சாதாரண தரத்துக்குப் பதிலாக ஒன்பதாம் வகுப்பில் வைத்த பரீட்சை. இரண்டையும் ஒரே வரிசையில் கூட்டாதீர்கள். கொரோனாவுக்குப் பிறகு 2022 சாதாரண தரம் 2023 மே மாதத்தில் நடந்தது. பரீட்சை ஆண்டையே எழுதுங்கள், நடந்த ஆண்டை அல்ல.

மாணவர் வாழ்க்கை என்றால் மலர்களில் இல்ல விளையாட்டுப் போட்டி, தமிழ்த்தினம், சரஸ்வதி பூசை. அவை இருக்கட்டும். 7.30 முதல் 1.30 வரை 40 நிமிடத்தில் எட்டுப் பாடவேளை என்பது நெடுங்காலம் எந்த ஊருக்கும் பொதுவாக இருந்தது. முதல் பாடவேளைக்கு யார் வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் மலைக்கே உரிய விஷயம். வரவு இடாப்பில் மாதவாரியாகக் கூட்டிப் பாருங்கள். ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் ஜூன், ஜூலைத் தென்மேற்கு மழையில் எண்ணிக்கை சரியும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபருக்குப் பின். மழை இல்லாத வாரத்திலும் சரிவு இருந்தால் தோட்டத் திருவிழாவை விசாரியுங்கள். பிள்ளைக்காம்பரா (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) பூட்டிய நாளில் தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நின்றது பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளை. அதனால் ஆண், பெண் பிரித்துக் கூட்டுங்கள்.

பழைய மாணவர்களிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்டால் தப்பான பதிலே வரும். "கலவரத்துக்கு முன்னாலா பின்னாலா? அப்ப எந்த சேர் வகுப்பாசிரியர்?" என்று கேளுங்கள். ஆசிரியரின் பெயர் கிடைத்தால் லொக் புத்தகம் ஆண்டைச் சொல்லிவிடும்.

படமெடுக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தாள் புரட்ட, ஒருவர் போனைப் பிடிக்க. ஜன்னலோரத்து வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம். ஒட்டிக்கொண்ட தாளை இழுத்தால் மை மறுபக்கத்தோடு வந்துவிடும். இடையிடையே வெள்ளைத்தாள் செருகி, காற்றோட்டமான அறையில் சில நாள் விட்டுவிடுங்கள். வெயிலில் காயப் போட்டால் தாள் முறுகி விளிம்பு நொறுங்கும். கிழிந்த இடத்துக்கு செலோடேப் போடாதீர்கள், சில வருடத்தில் அது மஞ்சளாகி எழுத்தையும் கெடுக்கும். லெமினேட் பற்றி யோசிக்கவே வேண்டாம். படங்களின் ஒரு பிரதி பாடசாலையில், இன்னொன்று பழைய மாணவர் சங்கத்தில் இருக்கட்டும். மலரில் எண்ணிக்கை மட்டும் போதும். எந்தப் பிள்ளை ஏன் நின்றது என்று பெயரோடு அச்சிட யாருக்கும் உரிமையில்லை.