கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள்

சிவில் மூன்றாம் வருஷம் முடித்த கையோடு, கத்திரி வெயில் மாதம் முழுக்க ஓர் அடுக்குமாடிக் கட்டட சைட்டில் இன்டர்ன்ஷிப் செய்தேன். கோயம்புத்தூரில் சரவணம்பட்டிப் பக்கம். கீழே கார் நிறுத்தும் தளம், மேலே ஐந்து மாடி. நான் போனபோது இரண்டாவது மாடிக்குப் பில்லர் எழுந்துகொண்டிருந்தது. அடுத்த வருஷம் போகப்போகும் ஜூனியர்கள் சிலர் கேட்டதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் இடம் கிடைத்த கதை. நான் அங்கே படிக்கும் மாணவிதான் என்று கல்லூரியில் கொடுத்த போனஃபைட் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஏழு அலுவலகம் ஏறி இறங்கினேன், அதற்கு முன்னால் அனுப்பிய மெயில்களுக்கு ஒருவரும் பதில் போடவில்லை. ஓரிடத்தில் "நீங்க வரவே வேண்டாம்மா, மூவாயிரம் கட்டிட்டு சர்ட்டிஃபிகேட் வாங்கிக்குங்க" என்றார்கள். என் வகுப்பில் சிலர் அப்படி வாங்கவும் செய்தார்கள். எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு ஒரு வீட்டுக்குக் கம்பி சரியாக இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும், அந்தக் கம்பியைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்காமல் எப்படிப் போடுவது? கடைசியில் டைல்ஸ் வேலை எடுத்துச் செய்யும் என் மாமா, தனக்குத் தெரிந்த ஒரு சைட் இன்ஜினியரிடம் கூட்டிப்போனார். அவர் ஒரே நிமிஷத்தில் "திங்கக்கிழமை எட்டரைக்கு வந்துரு, ஷூ போட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டார். அதனால் நான் எல்லாரிடமும் சொல்வது, அலுவலகத்துக்குப் போகாதீர்கள், காலையில் நேராக சைட்டுக்குப் போய் இன்ஜினியரைப் பாருங்கள். ஆள் பற்றாமல் ஓடிக்கொண்டிருப்பவர் அவர்தான்.

முதல் வாரம் எனக்குக் கொடுத்த வேலை ஆள் எண்ணுவது. தினமும் எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், கம்பி கட்டுகிறவர்கள் எத்தனை பேர், பலகை அடிக்கும் சென்ட்ரிங் ஆட்கள் எத்தனை பேர், சிமென்ட் எத்தனை மூட்டை எடுத்தார்கள், இதையெல்லாம் எழுதி மாலையில் அனுப்ப வேண்டும். இதற்கா நாலு வருஷம் படிக்கிறோம் என்று இரண்டு நாள் வருத்தமாக இருந்தது. அப்புறம் அதே நோட்டில், அந்த ஆட்கள் அன்றைக்கு எத்தனை அடி சுவர் எழுப்பினார்கள், எத்தனை அடி பூசினார்கள் என்பதையும் நானாகவே எழுத ஆரம்பித்தேன். பத்து நாள் போனதும் ஒன்று தெரிந்தது. வேலை குறைந்த நாட்களில் பெரும்பாலும் ஆட்கள் காரணமே இல்லை. கல் மேலே வந்து சேரவில்லை, இல்லையென்றால் எம்-சாண்ட் லாரி மதியம்தான் வந்தது, இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் பைப் பதிக்கவில்லை என்று கொத்தனார் காத்திருந்தார். திட்டமிடுதல் பாடத்தில், எந்த வேலை முடிந்தால் எந்த வேலை தொடங்கும் என்று காட்டும் வலைப்படம் வரைந்து மார்க் வாங்கியபோது புரியாதது இங்கே புரிந்தது.

அளவு விஷயமும் அப்படித்தான். நாங்கள் படித்தது மில்லிமீட்டரில். சைட்டில் வரைபடம் மில்லிமீட்டர், கம்பி மில்லிமீட்டர், ஆனால் சுவரும் பூச்சும் அடி, இஞ்ச், நூல். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல், அதாவது ஒரு நூல் என்பது மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். மேஸ்திரி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, "அம்மிணி, மேல ரெண்டு நூல் வெளிய போகுது பாருங்க" என்று காட்டியபோது என் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை. டேப் வைத்துப் பார்த்தேன், ஆறு மில்லிமீட்டர். அவருக்கு வயது அறுபதுக்குப் பக்கம் இருக்கும், பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றுவிட்டதாம். அதன்பிறகு எந்தச் சுவரைப் பார்த்தாலும் முதலில் நான் ஒரு கணக்குச் சொல்வேன், அப்புறம் அவர் சொல்வார், பிறகு டேப். மாதக் கடைசியில் ஒரு நூல் வித்தியாசத்துக்குள் வந்திருந்தேன்.

கம்பி லோடு இறங்குவதைச் சரிபார்க்கவும் என்னை நிறுத்தினார்கள். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 16 மி.மீ. கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ, 12 மீட்டர் நீளத்துக்கு கிட்டத்தட்ட 19 கிலோ. எண்ணி, பெருக்கி, எடைமேடைச் சீட்டோடு ஒப்பிட்டேன். இதைச் செய்த அன்றைக்குத்தான் அந்தச் சூத்திரம் எனக்கு வெறும் மனப்பாடமாக இல்லாமல் புரிந்தது.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. மூன்றாவது வாரம் இரண்டாவது மாடிக்கு ரூஃப் கான்கிரீட். முந்தின நாள் சாயங்காலம் இன்ஜினியர் சார் என் கையில் நான்கு பக்கச் சரிபார்ப்புப் பட்டியலைக் கொடுத்து, "நாளைக்கு இந்நேரம் இது எதுவும் கண்ணுக்குத் தெரியாது, இன்னைக்கே பாத்துக்கோ" என்றார். கம்பி கட்டுகிறவர்கள் ஜார்க்கண்டிலிருந்து வந்த குழு. எனக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் கொஞ்சம்தான். ஆனால் ரிங் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்), கவர் (கம்பிக்கு வெளியே விடும் கான்கிரீட் கனம்), சேர் (மேல் கம்பியைத் தாங்க வளைத்து வைக்கும் கம்பி) என்ற சொற்கள் இருவருக்கும் பொது என்பதால் பேச்சு நடந்தது. பில்லருக்கு 40 மி.மீ. கவர், தளத்துக்கு 20 என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். இரண்டு இடத்தில், அந்த இடைவெளிக்காக வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியை முட்டுக் கொடுத்திருந்தார்கள், மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள்.

கிழக்குப் பக்கம் பால்கனி ஒன்று. சுவரிலிருந்து நான்கரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளம், நுனியில் தாங்க எதுவும் கிடையாது. இப்படி நீளும் தளத்தில் இழுவிசை மேல்பக்கம் வரும், அதனால் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும் என்பது எந்த மாணவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் விடை. கம்பி மேலேதான் கட்டப்பட்டிருந்தது. ஆனால் பைப் போடுகிறவர்கள், எலக்ட்ரீஷியன், தண்ணீர் எடுத்துப் போகிறவர்கள் எல்லாரும் இரண்டு நாளாக அதன்மேல் நடந்திருக்கிறார்கள், கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சேர் பாதி இடத்தில் இல்லை, இருந்ததும் சாய்ந்து கிடந்தது. குனிந்து பார்த்தால் மேல் வலை நடுவில் தொய்ந்து போயிருந்தது. 150 மி.மீ. தளத்தில் பலகையிலிருந்து 125 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி, நான் அளந்த இடத்தில் 85-ல் இருந்தது. கம்பியின் எண்ணிக்கை சரி, விட்டம் சரி, இடைவெளி சரி. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் அந்தப் பால்கனியின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு காலடியில் போயிருந்தது.

சொல்லலாமா வேண்டாமா என்று பத்து நிமிஷம் தயங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இருபது வயதுப் பெண், வந்து மூன்று வாரம், ஒப்பந்தக்காரர் வேறு கான்கிரீட் பம்ப்புக்கு நேரம் சொல்லிவிட்டார். பிறகு சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் மேலே ஏறிவந்து, தானே டேப் வைத்துப் பார்த்தார். "சேர் எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார். ஒப்பந்தக்காரர் சத்தம் போட்டார், இத்தனை வருஷமாக இப்படித்தான் செய்கிறோம், எந்தப் பால்கனி விழுந்தது என்று கேட்டார். சார் குரலை உயர்த்தவே இல்லை. மவுலிவாக்கத்தை மட்டும் நினைவுபடுத்தினார். 2014 ஜூன் 28 அன்று சென்னையில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்த இடம். அங்கே செத்ததில் பெரும்பாலோர் வேலை செய்ய வந்தவர்கள். அப்புறம் யாரும் பேசவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்குப் போட்டு, புதிதாக 10 மி.மீ. கம்பியில் சேர் வளைத்து, அந்தப் பால்கனியோடு இன்னும் மூன்று பால்கனியிலும் கட்டி முடித்தார்கள். ஜார்க்கண்ட் குழுவில் ஒருவர் கடைசிச் சேரைக் கட்டிவிட்டு என்னை அழைத்து, அதன்மேல் ஏறி நின்று காட்டினார். கம்பி அசையவில்லை.

கான்கிரீட் நாளன்று ரெடிமிக்ஸ் லாரி எட்டு வந்தது, ஒன்றுக்கு ஆறு கன மீட்டர். மூன்றாவது லாரி வெயிலில் நின்றுவிட்டதால் கலவை இறுகி, பம்ப்பில் போகச் சிரமப்பட்டது. உடனே ஒருவர் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இதைப் பற்றி வகுப்பில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம், நீர்-சிமென்ட் விகிதம் கூடினால் பலம் குறையும் என்று. அந்தக் குழாய் எவ்வளவு சாதாரணமாக வரும் என்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, வேலை சுலபமாக ஓட வேண்டும், அவ்வளவுதான். சார் தடுத்து, பிளான்ட்டிலிருந்து வந்திருந்த தரப் பரிசோதகரை வைத்து கலவையை இளக்கும் ரசாயனமான அட்மிக்ஸரை அளந்து சேர்க்கவைத்தார், பிறகு மறுபடி ஸ்லம்ப், அதாவது கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்கும் சோதனை, எடுக்கச் சொன்னார். எடுத்தது நான். 300 மி.மீ. உயரக் கூம்பு, அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வொன்றுக்கும் 25 குத்து.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456 கணக்குப்படி 48 கன மீட்டருக்கு நான்கு சாம்பிள், ஒன்றுக்கு மூன்று என்று, பிறகு உடைத்துப் பலம் பார்க்கப் பன்னிரண்டு கியூப் (கான்கிரீட் கனசதுரம்). ஏழாம் நாள் பார்க்கத் தனியாக மூன்று. எல்லாவற்றிலும் தேதியைக் கீறியதும் நானே.

மறுநாள் காலையிலிருந்து, கான்கிரீட் ஈரம் காயாமலிருக்க, தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள், பில்லருக்கு ஈரச்சாக்கு. பி.பி.சி. (போசலானா கலந்த) சிமென்ட் என்பதால் குறைந்தது பத்து நாள், இந்த வெயிலுக்கு பதினான்கு நாள் நல்லது. முதல் ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை, திங்கள் காலை பாத்தி காய்ந்து கிடந்தது. அடுத்த ஞாயிறு ஒருவருக்குக் கூலி கொடுத்துத் தண்ணீர் நிறுத்த வைத்தோம்.

பாத்தி கட்டிய அக்காக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த வெயிலில் அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை. ஏன் என்று நான் கேட்கவே ஒரு வாரம் ஆனது. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, விளக்கும் இல்லை, அதனால் போக மாட்டார்கள், போகாமலிருக்கக் குடிக்க மாட்டார்கள். நானும் முதல் மூன்று நாள் அதையேதான் செய்தேன், தலைவலியோடு வீட்டுக்குப் போனேன். சட்டப்படி சைட்டில் கழிப்பறை இருக்க வேண்டும். பெயருக்கு ஒன்று இருந்ததே தவிர, பயன்படுத்தும்படி இல்லை. சாரிடம் சொன்னேன். தாழ்ப்பாளும் விளக்கும் மாட்ட மொத்தம் அரை மணி நேரம் ஆனது. அவர் கவனத்துக்கு இது வரவே இல்லை என்றார், அது உண்மையாகவும் இருக்கலாம். பெண் பிள்ளைகள் யாராவது இன்டர்ன்ஷிப் போனால் முதல் நாளே இதைப் பாருங்கள், உங்களுக்காக மட்டும் கேட்காதீர்கள், அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்டர்ன்ஷிப் முடிந்து ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன். கியூப்களின் இருபத்தெட்டாம் நாள் மட்டும் பாக்கி இருந்தது. ஜூன் நடுவில் அன்றைக்கு பஸ் பிடித்துப் போய் லேபில் நின்றேன். முதல் கியூப் 715 கிலோநியூட்டனில் உடைந்தது. 150-க்கு 150 மி.மீ. பரப்பால் வகுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 31.8 நியூட்டன். 25 நியூட்டன் பலம் கேட்கும் எம்25 கான்கிரீட்டுக்கு நல்ல எண். மற்ற பதினொன்றும் 29-க்குக் கீழே போகவில்லை. மேஸ்திரிக்கு போன் போட்டுச் சொன்னேன். "அந்தக் கெழக்கால பால்கனிக்கு முட்டு எடுத்தாச்சு அம்மிணி, நூல் புடிச்சுப் பாத்தேன், ஒரு நூல்கூட எறங்கல" என்றார்.