ஃபீட்பேக் ஃபார்மில் ஐந்துக்கு ஐந்து வந்தால் நம்பாதீர்கள்

நோயாளி கருத்துப் படிவத்தை டிஸ்சார்ஜ் பில்லோடு சேர்த்துக் கொடுக்கிற எந்த மருத்துவமனையிலும் ஐந்துக்கு ஐந்துதான் வரும். கேட் பாஸ் இன்னும் கைக்கு வரவில்லை, வாசலில் ஆட்டோ நிற்கிறது, யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அந்த சிஸ்டரே பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த நேரத்தில் யார் மூன்று போடுவார்கள்? காரைக்குடிப் பக்கம் நாங்கள் தர மேம்பாட்டு வேலை பார்த்த ஒரு தனியார் மருத்துவமனையில் இப்படித்தான் மதிப்பெண் குவிந்து கிடந்தது. கட்டைப் பிரித்தால் ஒரே நீல மை, ஒரே சாய்வில் டிக், 'ஆலோசனைகள்' கட்டத்தில் வரிசையாக 'நன்று', 'நன்று', 'நன்று'. பாதிக்கு மேல் ஊழியர்களே நைட் ட்யூட்டியில் உட்கார்ந்து நிரப்பியது. அதே மருத்துவமனைக்கு கூகுளில் ஒற்றை நட்சத்திரம் வந்துகொண்டே இருந்தது. இரண்டையும் அச்செடுத்து ஒரே மேஜையில் வைத்த பிறகுதான் எம்.டி. (நிர்வாக இயக்குநர்) அசைந்தார்.

மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எச்.சின் அங்கீகாரத்துக்கான தயாரிப்பில்தான் இது வெளியே வந்தது. கமிட்டி போடுவது, கொள்கை எழுதுவது, தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் தயாரித்த சாசனத்தின் 17 நோயாளி உரிமைகளையும் தமிழில் போர்டு எழுதி மாட்டுவது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்துவிடும். அந்த 17இல் புகார் சொல்லித் தீர்வு பெறும் உரிமையும் ஒன்று. போர்டுக்குக் கீழே நின்று ஒருவர் புகார் சொன்னால் யார் கேட்பது என்பதில்தான் எல்லாம் நின்றது.

முதலில் கருத்து கேட்கும் இடத்தை மாற்றினோம். படிவம் நிறுத்தம். வீட்டுக்குப் போன 2 அல்லது 3 நாளில் போன். பேசுபவர் வார்டு ஆளாக இருக்கக் கூடாது. இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. செட்டிநாட்டில் பெரிய வீட்டில் வயதானவர் தனியாக இருப்பார், பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பார்கள். அட்மிஷன் சீட்டில் மகன் எண்தான் இருக்கும். பணம் அனுப்பியவர் அவர், பக்கத்தில் படுத்து எழுந்தவர் வேறு யாரோ. மகனைக் கேட்டால் பில்லைப் பற்றி மட்டும் சொல்வார். அதனால் அட்மிஷனிலேயே 'கூட இருப்பவர் எண்' என்று தனிக் கட்டம் வையுங்கள். இது இல்லாமல் போன் சர்வே ஆரம்பிக்கவே வேண்டாம்.

கேள்வியும் மாற வேண்டும். 'சேவை திருப்தியா?' என்று கேட்டால், 'எல்லாம் நல்லா இருந்துச்சு தம்பி' என்பதற்கு மேல் ஒன்றும் வராது. மரியாதைக்குச் சொல்வது அது. அமெரிக்காவில் 2008 முதல் மருத்துவமனை வாரியாக வெளியிடப்படும் எச்.சி.ஏ.எச்.பி.எஸ். என்ற நோயாளி அனுபவக் கணக்கெடுப்பு திருப்தியைக் கேட்பதைவிட நடந்ததைத்தான் அதிகம் கேட்கிறது: எப்போதும், பெரும்பாலும், சில நேரம், ஒருபோதும் இல்லை. 'எப்போதும்' என்றால் மட்டுமே முழு மதிப்பு. அந்த முறையை எடுத்துக்கொண்டு, 'ஆச்சி, மணி அடிச்சா உடனே வந்தாங்களா, காத்திருக்கணுமா?', 'மாத்திரை எதுக்குன்னு சொல்லிக் கொடுத்தாங்களா?' என்று பேச்சுத் தமிழில் வைத்தோம். கடைசியில் ஒரு கேள்வி: 'அடுத்து வர்றவங்களுக்காக நாங்க மாத்த வேண்டியது ஒண்ணு சொல்லுங்க.' 'குறை இருக்கா' என்றால் இல்லை என்பார்கள். 'ஒண்ணு சொல்லுங்க' என்றால் மூன்று வரும்.

மதிப்பெண் விழுந்தது. விழத்தான் செய்யும், இதை எம்.டி.யிடம் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து கையெழுத்து வாங்கிவிடுங்கள். முதல் மாத அறிக்கையைப் பார்த்ததும் 'பழைய ஃபார்மே போதும்' என்று ஒரு குரல் நிச்சயம் எழும்.

அடுத்தது புகார் பதிவேடு. 'பொறுப்பு' என்ற பத்தியில் நர்சிங், ஹவுஸ்கீப்பிங், மெயின்டனன்ஸ் என்று துறைப் பெயர் எழுதியிருந்தார்கள். துறைக்கு வாய் கிடையாது, பதில் சொல்லாது. அதை எடுத்துவிட்டு ஆள் பெயர், தீர்க்க வேண்டிய தேதி, தீர்ந்ததென்று உறுதி செய்தவர் பெயர் என மூன்று பத்தி போட்டோம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: யாருக்குக் கையெழுத்து போடும் அதிகாரம் இருக்கிறதோ அவர் பெயர்தான் வர வேண்டும். பாத்ரூம் தாழ்ப்பாள் வாங்கக்கூட அதிகாரமில்லாத சூப்பர்வைசர் பெயரை எழுதினால், அவரைத் திட்டலாம், தாழ்ப்பாள் வராது.

குடிதண்ணீர் புகார் நல்ல உதாரணம். காரைக்குடிக்குப் பேர்போன சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பழகிய நாக்கு நம் ஊர் நாக்கு, 'தண்ணி சப்புன்னு இருக்கு' என்று மாதாமாதம் வரும். மெயின்டனன்ஸ் ஆள், 'ஆர்.ஓ. சர்வீஸ் கம்பெனி பொறுப்பு' என்பார். கம்பெனி, 'லேப் ரிப்போர்ட் சரி' என்னும். கேன்டீன், 'எங்க தண்ணி இல்லை' என்னும். பதிவேட்டில் அது 'சரி செய்யப்பட்டது' என்று திரும்பத் திரும்ப முடிக்கப்பட்டிருந்தது. நிர்வாக அலுவலர் பெயரை எழுதி, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரைக் கையில் கொடுத்து நேரில் அளக்கச் சொன்னோம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. ஆர்.ஓ. எல்லாவற்றையும் வடிகட்டி அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தது. ஆர்.ஓ.வுக்குள் போகாத தண்ணீரைக் கொஞ்சம் சேர்க்கும் கலப்பு வால்வை லேசாகத் திறந்து, மறுபடி லேப் பரிசோதனை செய்து வைத்தார்கள். புகார் நின்றது. செலவு ஒன்றுமில்லை.

இனி டிஸ்சார்ஜ். அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டது இதில்தான். 'ரெண்டு மணி நேரத்துல முடிக்கிறோம்' என்று பில்லிங் கணக்கு காட்டியது. ஃபைல் பில்லிங் மேஜைக்கு வந்ததிலிருந்து எண்ணினார்கள். என்.ஏ.பி.எச். கணக்கு வேறு: மருத்துவர் டிஸ்சார்ஜுக்கு ஒப்புதல் தந்த நேரத்தில் ஆரம்பித்து, நோயாளி வார்டை விட்டு வெளியேறும்போது முடிகிறது. நோயாளியின் கடிகாரமும் அதுதான். காலை 9 மணி ரவுண்ட்ஸில் 'வீட்டுக்குப் போகலாம்' என்று சொன்னதும் மூட்டை கட்டி உட்கார்ந்துவிடுவார்கள். தேவகோட்டையிலிருந்து கார் வந்து நிற்கும். நான்கு மணிக்கும் அதே கார் நிற்கும்.

ஃபைல் அட்டையில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: ஒப்புதல், சம்மரி (சிகிச்சைச் சுருக்கம்), மருந்து ரிட்டர்ன், லேப் நிலுவை, பில், இன்சூரன்ஸ் அனுமதி, வெளியேற்றம். ஒவ்வொருவரும் வாங்கிய நேரத்தையும் கொடுத்த நேரத்தையும் தானே எழுத வேண்டும். ஒரு வாரம் போதும். எங்களுக்குப் பெரிய ஓட்டை சம்மரியில் இருந்தது. ரவுண்ட்ஸ் முடிந்ததும் ட்யூட்டி டாக்டர் ஓ.பி.க்குப் போய்விடுவார், மதியம் 1 மணிக்கு மேல்தான் டைப் ஆகும். ஆகவே பொறுப்பாளராக மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் பெயர் வர வேண்டும். 'இது பில்லிங் பிரச்சினை, என் பேரு எதுக்கு?' என்று அவர் ஏற்கவே மாட்டேன் என்றார். நேரச் சீட்டுகளைப் பரப்பி வைத்த பிறகு வாக்குவாதம் அடங்கியது.

தீர்வு எளிது. நாளை டிஸ்சார்ஜ் ஆகக்கூடியவர்களுக்கு இன்று மாலையே சம்மரி வரைவு, மீதி மருந்து ரிட்டர்ன், லேப் நிலுவைப் பட்டியல். காலையில் மருத்துவர் திருத்திக் கையெழுத்திட வேண்டும். எச்சரிக்கை: மருந்து அளவு வரியை மட்டும் முதல் நாள் டைப் செய்யாதீர்கள். இரவில் அளவு மாறியிருக்கும், பழையதே அச்சாகி வீட்டுக்குப் போய்விடும். அந்த வரியைக் காலியாக விட்டு ரவுண்ட்ஸில் நிரப்புங்கள்.

'இன்சூரன்ஸ் லேட்' என்ற பல்லவியையும் அப்படியே ஏற்காதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே 29 தேதியிட்ட சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் முதல் அனுமதி 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் இறுதி அனுமதி 3 மணி நேரத்திலும் வர வேண்டும். தாமதத்தால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் வாங்கினால் அதைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க வேண்டும். ஆனால் அந்த 3 மணி நேரம் மருத்துவமனை கோரிக்கை அனுப்பிய பிறகுதான் ஓடத் தொடங்கும். போர்ட்டலில் அனுப்பிய நேரத்தைப் பாருங்கள். பல ஃபைல்கள் மதியம் 2 மணிக்குப் போயிருக்கும். போனவையும், உடலுக்குள் வைத்த ஸ்டென்ட், லென்ஸ், பிளேட்டின் ஸ்டிக்கரோ இன்வாய்ஸோ இல்லாமல் கேள்வியோடு திரும்பும். ஸ்டிக்கரை ஆபரேஷன் தியேட்டரிலேயே கேஸ் ஷீட்டில் ஒட்டாவிட்டால் பிறகு தேடி எடுப்பதற்குள் விடிந்துவிடும்.

தலைமையின் பொறுப்பு உண்மையில் பரிசோதிக்கப்படுவது வெளியூர் ஸ்பெஷலிஸ்ட் விஷயத்தில். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் மாலையில் வருவார்கள். டோக்கன் 4 மணிக்கே கொடுத்தாகிவிடும். டாக்டர் 8 மணிக்கு வருவார். புதுவயலிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் வந்தவர்களுக்குக் கடைசி பஸ் போய்விடும். பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு) பெண் நாற்காலிக்கு நாற்காலி மன்னிப்பு கேட்டுக்கொண்டு நடப்பார். பதிவேட்டில் அவர் பெயரைப் போடுவது அநியாயம். அந்த டாக்டரிடம் பேசக்கூட அவருக்கு முடியாது. இங்கே ஒரே பெயர்தான் பொருந்தும், எம்.டி. பெயர். 'அவரு வராம போயிட்டா கேஸ் போயிடும்' என்று தயங்கித் தயங்கித்தான் ஏற்றுக்கொண்டார். பேச்சுவார்த்தையில் டாக்டர் நேரம் மாறவில்லை. கிளம்பியதும் டிரைவர் ரிசப்ஷனுக்குப் போன் செய்ய வேண்டும் என்பது மட்டும் ஒப்பந்தமானது. அதன் பிறகுதான் வரச் சொல்லி பத்துப் பத்துப் பேராக எஸ்.எம்.எஸ். போகும். காத்திருக்கும் கூடம் பாதி காலியானது. டாக்டர் அதே எட்டு மணிக்குத்தான் வருகிறார்.

எம்.டி. வார்டு சுற்று பற்றிச் சொல்லியாக வேண்டும். முதலில் அது சுவாமி புறப்பாடு மாதிரி நடந்தது: முன்னால் செக்யூரிட்டி, பின்னால் நர்சிங் சூப்பரின்டென்டென்ட், பி.ஆர்.ஓ., போட்டோ எடுக்க ஒருவர். முன்கூட்டியே போன் வந்து பெட்ஷீட் மாறியிருக்கும். நோயாளி எழுந்து கும்பிடுவார். இதில் ஒரு தகவலும் கிடைக்காது. மாற்றியது: நேரம் சொல்லாமல், கூட ஒரே ஒருவர், நான்கு அறை போதும், நாற்காலியில் உட்கார்ந்து பேச வேண்டும், கேட்டதைக் குறித்து மாலைக்குள் அதே படுக்கைக்குப் பதில் போக வேண்டும். நோயாளி முன்னால் சிஸ்டரைத் திட்டவே கூடாது. ஒரு தடவை அது நடந்ததும் வார்டு முழுக்க வாய் மூடிவிட்டது. நோயாளிகளும், 'நம்மளால அந்தப் பிள்ளை வேலை போயிடும்' என்று சொல்வதை நிறுத்திவிட்டார்கள். அந்த நம்பிக்கை திரும்பி வர மெனக்கெட வேண்டியிருந்தது. சுற்றில் கண்டுபிடித்த ஒன்று: பாத்ரூம் கதவுச் சீட்டில் காலை 10 மணிக்கே மதியம் 2 மணிக்கும் மாலை 6 மணிக்கும் கையெழுத்து இருந்தது. இப்போது சுத்தம் செய்தவர் கையெழுத்திடுவதில்லை. வார்டு இன்சார்ஜ் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுப் போடுகிறார்.

வாரக் கூட்டம் 30 நிமிடம். திறந்திருக்கும் புகார்கள் மட்டும். பெயர் உள்ளவர் நேரில் வர வேண்டும், பதிலாள் கூடாது. 'முடிந்தது' என்று பொறுப்பாளர் சொன்னால் செல்லாது. போன் செய்யும் பெண் அந்தக் குடும்பத்திடம் கேட்டு ஆமாம் என்றால்தான் முடிந்தது. ஹெச்.ஆர். ஆர்வக் கோளாறில் திருப்தி மதிப்பெண்ணை இன்க்ரிமென்டோடு இணைக்கப் பார்த்தார். மறுவாரமே சிஸ்டர்கள் டிஸ்சார்ஜ் ஆகிறவர்களிடம், 'போன் வந்தா நல்லா சொல்லுங்கம்மா, எங்க சம்பளம்' என்று கெஞ்ச ஆரம்பித்தார்கள். உடனே எடுக்க வைத்தோம். துறைத் தலைவர்களுக்கு மட்டும், அதுவும் மதிப்பெண்ணுக்கல்ல, புகார் குறித்த தேதியில் தீர்ந்ததா என்பதற்கு மட்டும் கணக்கு.

மருத்துவ ஆவணப் பிரதி கேட்டு அலைந்தவர்கள் கதை தனி. கட்டிய பணத்தைக் காப்பீட்டில் திரும்பப் பெறும் ரீஇம்பர்ஸ்மென்டுக்கு கேஸ் ஷீட் நகல் கேட்டால், 'டாக்டர் கையெழுத்து இல்லை, நாளைக்கு வாங்க' என்பது வாடிக்கை. 2002 மருத்துவ ஒழுங்குமுறை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதை ரெக்கார்ட்ஸ் மேஜையில் யாருமே படித்திருக்கவில்லை. விண்ணப்பத்தில் தேதியும் நேரமும் போட்டு அதன் நகலை நோயாளி கையில் கொடுக்க வைத்ததும், 'நாளைக்கு வாங்க' குறைந்துவிட்டது. நோயாளியாகப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்: எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு சீல் வாங்குங்கள்.

செக்யூரிட்டி ஆட்கள் காண்ட்ராக்ட் என்பதால் அவர்கள் வாய்த்துடுக்குக்கு இன்னும் பெயர் போட முடியவில்லை. அட்டெண்டர் பாஸ் இல்லையென்று சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவரை வெளியே நிறுத்தினால் கூப்பிட யாரும் இல்லை. ஏஜென்சி ஒப்பந்தத்தில் நடத்தைக்கு அபராதப் பிரிவு கிடையாது. புதுப்பிக்கும்போது சேர்க்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது, புதுப்பிப்பு மார்ச்சில்.