‘ஐ அக்ரீ வித் யூ’வுக்கு மதிப்பெண் இல்லை

முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வாரம் ஒரு கேள்வியை இணையத்தில் போடுவேன். எல்லோரும் ஆங்கிலத்தில் கருத்து எழுத வேண்டும், இரண்டு பேருக்காவது பதில் சொல்ல வேண்டும். கெடு முடியும் இரவில்தான் மளமளவென்று வந்து விழும். பாதிக்கு மேல் ‘ஐ அக்ரீ வித் யூ, நைஸ் பாயிண்ட்’. இதே பிள்ளைகள் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் தாய்மொழியில் விடிய விடியச் சண்டை போடுகிறவர்கள்!

வகுப்பில் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் கோர்ப்பதற்குள் பேச்சு எங்கோ போய்விடும். எழுதும்போது அந்த அவசரம் இல்லை. மொழி கற்பித்தல் ஆய்வாளர் மார்க் வார்ஷவர் 1996இல் வெளியிட்ட ஆய்விலும், நேரில் பேசியதைவிடக் கணினி வழி விவாதத்தில் மாணவர்களிடையே பங்கேற்பு இன்னும் சமமாக இருந்தது. ஆனால் எழுதியது அழியாமல் கிடக்கிறதே, அந்தக் கூச்சம் வேறு. அதனால் அங்கே நான் இலக்கணம் திருத்துவதே இல்லை. ஒருவர் ‘பீப்பிள் இஸ்’ என்று எழுதினால், என் பதிலில் போகிறபோக்கில் ‘பீப்பிள் ஆர்’ என்று எழுதிவிடுவேன். பிடித்துக்கொள்கிறவர் பிடித்துக்கொள்ளட்டும்.

கேள்விதான் முக்கியம். ‘தொழில்நுட்பம் நன்மையா தீமையா’ என்று கேட்டால் பள்ளிக்கூடக் கட்டுரைதான் வரும். இப்போது அதையும் செயலியே எழுதித் தந்துவிடும். ‘குழு வேலையில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அவருக்கும் அதே மதிப்பெண்ணா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஆளாளுக்கு ஒரு பழைய கோபம் இருக்கும்.

அப்புறம், மறுத்துப் பேசுவது. ஆங்கிலத்தில் ஒன்று விழுங்கிவிடுகிறார்கள், இல்லையென்றால் ‘யூ ஆர் ராங்’ என்று முகத்தில் அடிக்கிறார்கள். ‘ஐ ஸீ யுவர் பாயிண்ட், பட்’, ‘வாட் அபௌட்’ மாதிரி சில தொடக்கங்களை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறேன். வாயே திறக்காத ஒரு மாணவி, அந்தக் குழு வேலைக் கேள்விக்கு ‘வாட் அபௌட் எ பெர்சன் ஹூ இஸ் சிக்?’ என்று மட்டும் எழுதினாள். அதுவரை மதிப்பெண்ணே கூடாது என்று குதித்தவர்கள் எல்லாம் இறங்கி வந்து, உடம்பு சரியில்லாதவரையும் சோம்பேறியையும் எப்படிப் பிரிப்பது என்று எழுத ஆரம்பித்தார்கள். நான் உள்ளே போகவே இல்லை. ஆசிரியர் தீர்ப்பு சொன்னால் கடை மூடிவிடும்.

ஒரு வரிக் கேள்விக்கு முழு மதிப்பெண்ணா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். ஆமாம், போட்டேன். ஒன்றரைப் பக்கம் எழுதி யாருக்கும் பதில் சொல்லாதவருக்குக் குறைத்தும் போட்டேன்.